சாப்பிடாமல் வரவேண்டியவர்

சந்திரமோகனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்றுதான். ஏரியூரிலிருந்து கிளம்பி, நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் மாதேஸ்வரன் வீட்டுக்குப் போய், சாப்பிடாமல் திரும்பி வரவேண்டும்.

வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதுகூட இல்லை. அவர்கள் பக்கத்தில் வழக்கம் அப்படி. பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் மறுபடியும் வந்து, இலையில் கை வைத்துச் சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். காபித் தண்ணியைக் குடித்துவிட்டு, மழையைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து போனால் முடியவில்லை என்று பொருள். யாரும் யார் முகத்தைப் பார்த்தும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சந்திரமோகனைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்காகவே எவனோ புண்ணியவான் ஏற்படுத்தி வைத்த வழக்கம்.

மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நாற்பது கிராமத்துக்குக் கரண்டை நிறுத்தவும் விடவும் அதிகாரம் இருந்தவர், சொந்த வீட்டில் ஃபேனை ஒரு புள்ளி கூட்ட வேண்டுமென்றாலும் மனைவி மணிமேகலையின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

"ஒம்பதரைக்குப் போய்ச் சேர்ற மாதிரி கெளம்புங்க. ஞாயித்துக்கெழமை, டிபன் முடிஞ்சிருக்கும். சோறு ஆக்கியிருக்க மாட்டாங்க. காபி குடுப்பாங்க, குடிங்க. பத்து மணிக்கு வண்டிய எடுத்துருங்க," என்று மணிமேகலை சொல்லி அனுப்பியிருந்தாள். குறை சொல்ல முடியாத திட்டம்தான்.

அவளுக்கு இந்தச் சம்பந்தம் ஏன் ஆகாது என்பதற்கு ஜாதகம் என்று காரணம் சொன்னாள். ஜோசியர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் போட்டிருந்தார். மீதி ரெண்டு எங்கே போயிற்று என்று அவள் கேட்டாள். உண்மையான காரணம் சந்திரமோகனுக்குத் தெரியும். கார்த்திகை மாதம் பெண் பார்க்கப் போனபோது, மாதேஸ்வரன் வீட்டுக் கூடத்தில் அவள் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலியின் பின்னங்கால் பிளந்து, பதினான்கு பேர் முன்னால் அவள் மெதுவாகத் தரையில் இறங்கினாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூட ஆறியிருக்கும். காரில் திரும்பும்போது தொப்பூர்க் கணவாய் லாரி நெரிசலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினாள், பிறகு ஜாதகம் சரியில்லை என்றாள்.

மகன் மதியழகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். ரெண்டு மாதமாக மாதேஸ்வரனின் மகள் கோகிலவாணியோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறான். அம்மாவை எதிர்த்துப் பேசும் பழக்கம் அந்த வீட்டு ஆண்களுக்கு இல்லை, இவனுக்கு மட்டும் எங்கிருந்து வரும். பென்னாகரத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியபோது சந்திரமோகனின் போனில் அவனிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது.

'சாப்பிட்டு வாங்கப்பா.'

அவர் அதை ரெண்டு தடவை படித்தார். பதில் போடவில்லை. டீ ஆறிவிட்டது, அப்படியே குடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மாதேஸ்வரன் வீட்டு வாசலில் அவர் வண்டியை நிறுத்தியபோது மணி ஒன்பது முப்பத்தைந்து. மாதேஸ்வரனின் மனைவி மாதம்மாள் வெளியே வந்தாள். வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அப்புறம் அவருக்குப் பின்னால் யாரும் இல்லை, கையில் பழமில்லை பூவில்லை என்பதைப் பார்த்ததும், மலர்ந்த முகத்தை அப்படியே வைத்துக்கொள்ளச் சிரமப்பட்டாள்.

"வாங்க, வாங்க. அவங்க வரலீங்களா?"

"முட்டி வலிங்க," என்றார் சந்திரமோகன். மணிமேகலை அன்று காலை மாட்டுக்குத் தீவன மூட்டையைத் தனியாகத் தூக்கி வைத்தவள்.

கூடத்தில் டிவிக்கு எதிரில் ஒரு புது இரும்பு நாற்காலி இருந்தது. மெத்தை வைத்தது. கடையில் சுற்றிக் கொடுத்த கவரைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அவர் தலைக்கவசத்தை அதன் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு அதில் உட்காரப் போனார். மாதம்மாள் எங்கிருந்து எடுத்தாளோ, கண் மூடித் திறப்பதற்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "இதுல உக்காருங்க" என்றாள். அவர் அதன் நாலு கால்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாதி எடையோடு உட்கார்ந்தார். காபி வந்தது. குடித்தார். திட்டம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

"யாரு அங்க?" என்று வீட்டுக்குப் பின்னாலிருந்து மாதேஸ்வரனின் குரல்.

"ஏரியூர்க்காரங்க வந்திருக்காங்க," என்றாள் மாதம்மாள்.

"இங்கியே வரச் சொல்லு. எனக்குக் கையெல்லாம் ஒரு மாதிரியா கெடக்குது."

பின்பக்கம் குழாயடியில், ஒரு பெரிய அலுமினிய அன்னக்கூடைக்கு முன்னால் மாதேஸ்வரன் குந்தியிருந்தார். அன்னக்கூடையில் ஓர் ஆட்டின் குடல் முழுசாக இருந்தது. பக்கத்தில் கல் உப்பு, மஞ்சள் தூள், ஒரு கொட்டாங்குச்சியில் சுண்ணாம்பு.

மணிமேகலை கணக்குப் போட்டதில் பிசகு இருந்தது. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை டிபன் என்ற ஒன்றே கிடையாது. காலை ஏழு மணிக்கு ஆடு உரிக்கும் இடத்திலிருந்து குடல் வரும். கழுவி, வேகவைத்து, பதினோரு மணிக்குக் களியோடு சாப்பிடுவார்கள். காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து அது ஒன்றுதான்.

சந்திரமோகன் குடல் சாப்பிட்டு ரெண்டு வருடம் ஆகியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு இருநூற்று நாற்பத்தெட்டு என்று வந்ததும் மணிமேகலை நிறுத்திவிட்டாள். அதுவரை அவர் வீட்டில் குடல் கழுவுவது அவர் வேலை. மணிமேகலை ஓட்டலில் குடல் தொடமாட்டாள், சொந்தக்காரர்கள் வீட்டிலும் தொடமாட்டாள், யார் கழுவினார்களோ என்பாள். அவர் கழுவினால் மட்டும் சாப்பிடுவாள். அதுவும் பிடிக்காதவள் போலவே முகத்தை வைத்துக்கொண்டு ரெண்டு தரம் ஊற்றிக்கொள்வாள். அவருக்கு நிறுத்திய அன்றே அவளும் நிறுத்திவிட்டாள்.

"வழக்கமா எங்கூட்டு அம்மாதான் பாக்கும்," என்றார் மாதேஸ்வரன். "நேத்து அருவா பட்டு வெரல்ல வெட்டு. உப்புல கை வெச்சா எரியுதுங்குது. கோகிலா மசாலா அரைக்குது. சரி, நம்ம பாப்பமேன்னு உக்காந்தன்."

அவர் பார்த்த லட்சணம் தெரிந்தது. குளிக்கும் துண்டு போலச் சொரசொரப்பாக இருக்கும் இரைப்பையை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். மேலே இருந்த கறுப்புத் தோல் வரவே இல்லை. அங்கங்கே கிழிந்துதான் வந்தது. நீளக் குடலைத் திருப்பாமல் வெளியே மட்டும் அலசிக் கூடையில் போட்டிருந்தார்.

சந்திரமோகன் வாயை மூடிக்கொண்டு இருந்தார். நமக்கென்ன, நாம் சாப்பிடப் போவதில்லை, இவர்கள் கறுப்போடு தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். இப்படி ஒரு நான்கு நிமிடம் இருந்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"தண்ணி சூடு பத்தாதுங்க," என்றார்.

"அப்படிங்களா?"

"கையி வெச்சா சுடணும். ஆனா கொதிக்கக் கூடாது. கொதிச்சா தோலு இறுகிக்கும், அப்புறம் பிரம்மனே வந்தாலும் உரிக்க முடியாது. சுண்ணாம்பக் கரைச்சு ஊத்துங்க."

மாதேஸ்வரன் கோகிலவாணியைக் கூப்பிட்டுச் சுடுதண்ணீர் கேட்டார். பெண் ஒரு குண்டானில் கொண்டுவந்தாள். நல்லம்பள்ளி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் வேலை அவளுக்கு. சந்திரமோகனைப் பார்த்து, "வாங்க" என்றாள். மாமா என்றும் சொல்லவில்லை, சார் என்றும் சொல்லவில்லை. மாமா என்றால் உரிமை எடுத்துக்கொண்ட மாதிரி, சார் என்றால் விட்டுக்கொடுத்த மாதிரி. வெறும் 'வாங்க'வோடு நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கெட்டிக்காரி என்று சந்திரமோகன் நினைத்தார். அவளைப் பற்றி எதையும் நினைக்கக் கூடாது என்று வந்திருந்தார்.

மாதேஸ்வரன் இரைப்பையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி, உடனே எடுத்தார். "இன்னும் செத்த வுடுங்க," என்றார் சந்திரமோகன். இன்னும் கொஞ்சம் விட்டார். கத்தியைத் தப்பான பக்கமாகப் பிடித்தார். சந்திரமோகன் சட்டைக் கையை மடித்துவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குழாயடியில் குந்தினார். "இங்க குடுங்க."

கறுப்புத் தோல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை ஒரே உரியாக வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. மாதேஸ்வரன் அதைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "அடேங்கப்பா," என்றார். ஓய்வு பெற்ற பிறகு சந்திரமோகனை யாரும் பாராட்டியதில்லை. அவர் நீளக் குடலைக் கையில் எடுத்தார். ஒரு மெல்லிய குச்சியின் நுனியில் அதன் முனையை மடக்கி, காலுறையைத் திருப்புவதுபோல உள்பக்கத்தை வெளியே திருப்பி இழுத்தார். கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்தார். ஏடு ஏடாக இருக்கும் பகுதியில் ஒவ்வொரு ஏட்டையும் விரித்து, இடுக்கில் விரல் விட்டுக் கழுவினார். ஏழு தண்ணீர் மாற்றினார்.

பாதி வேலையில் போன் அடித்தது. ஈரக்கையோடு காதில் வைத்தார்.

"கெளம்பிட்டீங்களா?" என்றாள் மணிமேகலை.

"இன்னும் இல்ல."

"என்ன பண்ணிகிட்டு இருக்கீங்க?"

அவர் குச்சியில் தொங்கிக்கொண்டிருந்த குடலைப் பார்த்தார். "பேசிகிட்டு இருக்கறோம்."

"என்ன பேச்சு?"

"பொதுவா."

"ஒண்ணும் சாப்புடலயே?"

"காபிதான்."

"சட்டுனு கெளம்புங்க. அங்க உக்காந்து வளவளன்னு பேசாதீங்க."

கிளம்பியிருக்கலாம். வாசலில் வண்டி சாவியோடு நின்றது. ஆனால் கழுவிய குடலைத் துண்டு போடுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது, பொடியாக நறுக்கினால் வெந்ததும் காணாமல் போய்விடும். அதையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தார். குக்கர் அடுப்பில் ஏறியது. ஏழு விசில் விட வேண்டும் என்று சொன்னார். சொன்னவர் கேட்க வேண்டாமா? முற்றத்தில் மாதேஸ்வரனோடு உட்கார்ந்து ஏழையும் எண்ணினார். பிறகு சின்ன வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. சோம்பும் மிளகும் தேங்காயும் அரைத்த மசாலா எண்ணெயில் விழுந்தது. தை மாதத்துப் பச்சை மொச்சையை அதில் கொட்டும் சத்தம் கேட்டது. அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, வாரியத்தில் டிரான்ஸ்பார்மர் மாற்றுவதைப் பற்றி மாதேஸ்வரனுக்கு விவரமாகச் சொன்னார்.

பதினொன்றேகாலுக்கு எல்லாம் தயாராகிவிட்டது. களி கிண்டி உருண்டை பிடித்தாகிவிட்டது. அப்போதுதான் சந்திரமோகன் தான் மாட்டிக்கொண்டிருப்பதைப் புரிந்துகொண்டார்.

அவர்கள் யாரும் அவரைச் சாப்பிடச் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வந்திருப்பவரைச் சாப்பிடுங்கள் என்று வற்புறுத்தினால், பெண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று காலில் விழுந்த மாதிரி ஆகிவிடும். தனியாக, வெறுங்கையோடு வந்தவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அவர்களுக்கு அவர் வண்டியை விட்டு இறங்கும்போதே தெரியும். அதே சமயம், விருந்தாளி சும்மா உட்கார்ந்திருக்க வீட்டுக்காரர்கள் சாப்பிடவும் முடியாது. ஆகவே மூன்று பேரும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மாதேஸ்வரன் குக்கரின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டதாகச் சொன்னார். சந்திரமோகன் ஆமாம் என்றார். பிறகு பேச எதுவும் இல்லை.

அந்த அமைதியில் சந்திரமோகனின் வயிறு இரைந்தது. சின்னச் சத்தமில்லை. மாட்டுக்கொட்டகையிலிருந்த எருமை தலையைத் திருப்பிப் பார்த்தது. மாதேஸ்வரன் கூரையில் ஏதோ ஓடு நகர்ந்திருக்கிறதா என்று அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். மாதம்மாள் ஒன்றும் கேட்காதவள் போல் உள்ளே போனாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

இவர்கள் இப்படித்தான் என்று சந்திரமோகனுக்கு அப்போது உறைத்தது. அன்றைக்கும் மணிமேகலையின் மானம் போகக் கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவளுக்கு அது புரியவில்லை. அவருக்கே இப்போதுதான் புரிகிறது.

புரிந்து என்ன ஆகப்போகிறது? வீட்டுக்குப் போனால் மணிமேகலை இருப்பாள். அவர் எழுந்தார். "அப்ப நான் கெளம்பறங்க."

"சரிங்க," என்று மாதேஸ்வரனும் எழுந்தார். "தோலு உரிச்சுக் குடுத்தீங்க, ரொம்ப சந்தோசம்." அதை மனதாரத்தான் சொன்னார். அதுதான் சந்திரமோகனுக்குத் தாங்க முடியவில்லை.

தலைக்கவசத்தை எடுக்கக் கூடத்துக்கு வந்து குனிந்தபோது, இரும்பு நாற்காலியின் முதுகில் கவருக்குள் ஒரு ஸ்டிக்கர் தெரிந்தது. கவரின் ஓரத்தைக் கிழித்து, ஏதோ எழுதியிருந்ததை நகம் விட்டுப் பாதி சுரண்டியிருந்தார்கள். மீதி இருந்தது '50 கிலோ தாங்கும்' என்பது மட்டும்.

"இது என்னங்க, அம்பது கிலோதான் தாங்குமா?" என்று கேட்டார், ஏதாவது பேச வேண்டுமே என்று.

மாதேஸ்வரன் தரையைப் பார்த்தார். மாதம்மாள் அடுப்படி வாசலில் நின்று முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். கோகிலவாணிதான் பதில் சொன்னாள்.

"நூத்தம்பதுங்க. அம்மாதான் சொரண்டுனாங்க. அவங்க வந்து உக்காரும்போது அதப் படிச்சா மனசு கஷ்டப்படுவாங்கன்னு. முழுசா வரல."

"எவங்க வந்து?"

"அன்னிக்கு வந்தாங்களே, அவங்கதான்," என்றாள் கோகிலவாணி. "அவங்களுக்குன்னு வாங்கினதுங்க இது. கார்த்திகையில இருந்து யாரையும் உக்கார வுடல அம்மா. எங்க சித்தப்பா வந்தாரு, பஞ்சாயத்துத் தலைவரு வந்தாரு, எல்லாத்துக்கும் பிளாஸ்டிக்குதான். இந்தக் கவர அவங்கதான் பிரிக்கணும்னு வெச்சிருக்காங்க."

"கோகிலா, பேசாம இரு," என்றாள் மாதம்மாள்.

சந்திரமோகன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அறுபத்திரண்டு வயதில், மீசை நரைத்த பிறகு, ஒரு வாய் சோறு தின்னாமல் ஒரு குடும்பத்தை அவமானப்படுத்திவிட்டு வரச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்திருக்கிறோமே என்று இருந்தது. மகன் போனில் அனுப்பிய வரி ஞாபகம் வந்தது. அவன் வாழ்நாளில் அவரிடம் கேட்ட காரியங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

தலைக்கவசத்தைத் திரும்பவும் தரையில் வைத்தார்.

"களி ஆறிப்போச்சுங்களா?" என்றார்.

கோகிலவாணி அவரை ஒரு கணம் நேராகப் பார்த்தாள். "சூடாத்தான் இருக்குதுங்க," என்றாள்.

மாதம்மாள் இலையை விரித்தாள். தெளித்த தண்ணீர் பாதி தரையில் விழுந்தது. களி உருண்டையை நடுவில் வைத்து, குழியில் குழம்பை ஊற்றினாள். சந்திரமோகன் ஒரு விள்ளலைக் கிள்ளிக் குழம்பில் புரட்டி, ஒரு குடல் துண்டையும் சேர்த்து விழுங்கினார். களியை மெல்லக் கூடாது. குடலை மென்றுதான் ஆகவேண்டும். ரெண்டு வருடம் கழித்துச் சாப்பிடுகிறவருக்கு இதைப் பிரித்துப் பார்க்கும் நிதானம் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகு என்று சொல்லிக்கொண்டார். எதிரில் மாதேஸ்வரன் உட்கார்ந்து, வந்தவர் மூன்றாவது விள்ளலை எடுத்த பிறகு தன் முதல் விள்ளலை எடுத்தார்.

போன் அடித்தது. சந்திரமோகன் இடது கையால் எடுத்தார்.

"எங்க வந்துகிட்டு இருக்கீங்க?" என்றாள் மணிமேகலை.

"சாப்புட்டுகிட்டு இருக்கறன்."

போன் அணைந்துவிட்டதா என்று எடுத்துப் பார்த்தார். அணையவில்லை.

"என்னது?"

"களி. ஆட்டுக்கொடலு." சற்று யோசித்து, "மொச்சை போட்டிருக்காங்க," என்றும் சேர்த்துக்கொண்டார், மொச்சையால் குற்றம் குறையும் என்பது போல.

மணிமேகலை மூச்சு விடுவது கேட்டது. மாதேஸ்வரனும் மாதம்மாளும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்திரமோகன் முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அவள் பேச ஆரம்பிக்கும் வரை காத்திருக்காமல் பேசினார்.

"மணி, இங்க ஒரு இரும்புச் சேர் வாங்கி வெச்சிருக்காங்க. உனக்குன்னு. நீ வந்து கவரப் பிரிக்கணும்னு யாரையும் உக்கார வுடாம வெச்சிருக்காங்க. நான் உக்காரப் போனேன், என்னியவே வுடல."

ஸ்டிக்கரைப் பற்றி அவர் சொல்லவில்லை. அந்த அளவுக்குக் குடும்பம் நடத்தத் தெரிந்தவர்தான்.

களியின் மேல் ஏடு கட்ட ஆரம்பித்தது.

"கொடல யாரு கழுவுனது?" என்றாள் மணிமேகலை.

"நாந்தான்."

"நெசமாவா?"

"ஏழு தண்ணி."

குரலில் கோபத்தை விடாமலேயே அவள் சொன்னாள். "ராத்திரிக்கு மாத்தரைய மறக்காமப் போடுங்க. அங்க டப்பா எதாச்சும் இருந்தா எனக்குக் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க." வைத்துவிட்டாள்.

போனின் சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் வைத்திருப்பார் அவர். அவர் சொல்லாமலேயே மாதம்மாள் எழுந்து போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்த எவர்சில்வர் தூக்கை எடுத்து, வெட்டுப்பட்ட விரலோடு உப்பு போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். எரிகிறது என்று இப்போது சொல்லவில்லை.

சந்திரமோகன் மகனின் செய்தியைத் திறந்தார். இடது கைக் கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, 'சாப்பிட்டேன்' என்று அடித்து அனுப்பினார்.

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுப்படி மேடையில் கோகிலவாணியின் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை, கையில் குழம்புக் கரண்டி இருந்தது. கூடத்துக்கு வந்து இலைக்கு முன்னால் குனிந்தாள்.

"மாமா, இன்னொரு கரண்டி ஊத்தட்டுங்களா?"

சந்திரமோகன் களியில் குழியைப் பெரிதாக்கிக் காட்டினார். உள்ளே போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.